ஏனோ மாகாணத்து பீரும் ஒரு ஃபுல் கணக்கும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். குடி குடியைக் கெடுக்கும். பார்க்க சரக்குப் பதிவு மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கறது சரித்திரம்தான். தங்கமணிகிட்ட மாட்டற ரங்கமணிகள் இந்த வரியைக் காட்டித் தப்பிச்சுக்கலாம் :-)

இது ஒரு மன்னிப்புப் பதிவும்கூட. 2023-ல பெல்ஜியத்துல ஆன்சைட் ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தப்போ, இதே பக்கத்துல 'அறுவடை பீர்'னு ஒண்ணு எழுதினேன். நிறைய பேர் வந்து "கலக்கல்"னு பின்னூட்டம் போட்டீங்க. அந்தப் பதிவுல முக்காவாசி ஆதாரம் இல்லாதது. தெரிஞ்ச பிறகும் அதை அப்படியே விட்டுவைக்க மனசு வரலை.

அதுல நான் சொன்ன கதை இதுதான். பெல்ஜியத்தின் தெற்குப் பாதி வலோனியா, பிரெஞ்சு பேசற பகுதி. அதுல மேற்கு ஓரமா, பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஒரு மாகாணம். பேர் 'ஏனோ'. (எழுதும்போது முன்னாடி ஒரு எச், பின்னாடி ஒரு டி உண்டு. ரெண்டையும் ஏனோ உச்சரிக்க மாட்டாங்க.) அங்கே விவசாயிகள் வயல்ல வேலை இல்லாத குளிர்கால மாசங்கள்ல பீர் காய்ச்சி வெச்சுடுவாங்களாம். கோடையில அறுவடைக்கு வர்ற கூலியாட்களுக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் வரைக்கும் ஊத்துவாங்களாம். அந்தக் காலத்துல தண்ணி சுத்தமில்லை, பீர்தான் தாகத்துக்கு. 'செஸோன்'னா பிரெஞ்சுல பருவம். பருவத்துக்கு வர்ற ஆளுக்காகக் காய்ச்சினதால அந்த பீருக்கு செஸோன்னே பேர்.

நல்ல கதைதான், இல்லையா? வெயில், கதிர் அறுக்கற ஆட்கள், மரத்தடியில மண்ஜாடி. பீர் புத்தகங்கள்லயும், எத்தனையோ புட்டிகளோட முதுகுலயும் இதையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டிருப்பாங்க. நானும் அங்கிருந்து சுட்டு, நம்ம ஊர் மசாலா தூவிப் பரிமாறிட்டேன்.

முதல் ஓட்டையைப் போட்டது எங்க வீட்டு ஓனர். எழுபது வயசைத் தாண்டின மனுஷர், ஏனோ மாகாணத்துல ஒரு கிராமத்துல பிறந்து வளர்ந்தவர். நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின வாரம் வீட்டுல சின்னதா ஒரு விருந்து. அவர் முன்னாடியே நான் இந்தக் கதையை ஆபீஸ் ஆட்களுக்கு அளந்துக்கிட்டு இருந்தேன். முழுசா கேட்டுட்டு நிதானமா சொன்னார்: "எங்க தாத்தா கூலிக்குக் கதிர் அறுக்கப் போனவர்தான். தூக்குல ஆறிப்போன காபி கொண்டு போவார், சிக்கரி கலந்தது. பீர் ஞாயித்துக்கிழமைதான்." அவர் தாத்தா ஒருத்தரை வெச்சு மாகாணத்தோட சரித்திரத்தை முடிவு பண்ண முடியாதுதான். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை முதல்லயே செஞ்சிருக்கணும். பொறியியல் படிச்ச பயலுக்கு இதுகூட தோணலைன்னா எப்படி?

இன்னிக்குக் கடையில கிடைக்கற செஸோன்கள்ல எல்லாரும் உதாரணம் காட்டறது செஸோன் டூபோன். அதுல ஆல்கஹால் 6.5 சதம். அஞ்சு லிட்டர்னா 325 மில்லி சுத்தமான ஆல்கஹால். நம்ம ஊர் விஸ்கி 42.8 சதம், 750 மில்லி ஃபுல் பாட்டில்ல இருக்கறது 321 மில்லி. அதாவது ஒரு ஆளுக்கு தினம் ஒரு ஃபுல்! குடிச்சுட்டு வெயில்ல அரிவாளைப் பிடிக்கணும். அறுவடை முடியறப்போ பாதிப் பேருக்கு விரல் மிஞ்சுமா?

இதுக்குப் பதில் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பழைய செஸோன் இவ்வளவு வீரியமா இருக்கலை. பிரஸ்ஸல்ஸ்ல பீர் காய்ச்சற ஈவான் டி பேட்ஸ், 2004-ல வந்த ஃபில் மார்கோவ்ஸ்கியின் 'ஃபார்ம்ஹவுஸ் ஏல்ஸ்' புத்தகத்துல செஸோன் வரலாறு பத்தி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கார். அவர் காட்டற பழைய செஸோன் ரொம்ப லேசானது. கெட்டுப்போகாம இருக்கணும்னா நல்ல கசப்பாவோ புளிப்பாவோ இருந்தாகணும், அதனால இன்னிக்கு நாம குடிக்கற நறுமண பீர் அது இல்லை. சரி, 3 சதம்னு வெச்சுக்கிட்டா அஞ்சு லிட்டருக்கு 150 மில்லி. ஃபுல் போய் ஆஃப் ஆச்சு. கஷ்டம்தான், ஆனா மூணு வேளைக்குப் பிரிச்சா நடக்காத காரியம்னு சொல்ல முடியாது. ஐரோப்பாவுல கூலியோட ஒரு பங்கா பீர் கொடுத்த வழக்கம் பல இடங்கள்ல இருந்ததும் உண்மை. ஆக, கணக்கு மட்டும் கதையைக் கொல்லலை. கணக்கு சொல்றது இவ்வளவுதான்: அந்தக் கதை உண்மைன்னா இந்தப் புட்டிக்குள்ள இருக்கற பீர் அந்த பீர் இல்லை.

கதையை நிஜமா ஆட்டம் காண வெச்சது அந்தப் பேர்தான். செஸோன்னா பருவம். யாரோட பருவம்?

நான் (என்னை மாதிரி ஆயிரம் பேர்) அறுவடைப் பருவம்னு எடுத்துக்கிட்டோம். ஆனா பீர் காய்ச்சறவனுக்கும் ஒரு பருவம் உண்டு. ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முந்தின உலகத்தை நினைச்சுப் பாருங்க. காய்ச்சி இறக்கின மால்ட் சாறு (முளைகட்டின பார்லியை வெந்நீர்ல ஊற வெச்சு எடுக்கற இனிப்புத் தண்ணி) ஆற ஆற, காத்துல இருக்கற கண்ட கிருமியும் அதுல வந்து குடியேறும். வெயில் காலத்துல ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள பாக்டீரியா முந்திக்கும். பீர் ஏன் கெடுதுன்னு பாஸ்டர் புத்தகமாவே எழுதினது 1876-லதான். லிண்டேயோட குளிர்பதன இயந்திரங்கள் ப்ரூவரிக்குள்ள வந்ததும் அந்த 1870-கள்லதான். அதுவரை நல்லா நிக்கக்கூடிய பீர் வேணும்னா குளிர் மாசங்கள்ல காய்ச்சணும். நகரமோ கிராமமோ, எல்லாருக்கும் இதே விதி. அப்படிப் பருவத்துல காய்ச்சி மாசக்கணக்கா வெச்சிருந்து விக்கற பீருக்கு 'பருவ பீர்'னு பேர் வர்றதுக்கு அறுவடையாள் யாரும் தேவையே இல்லை.

பழைய பீர்களோட சரித்திரத்தைத் தோண்டற ரூல் முல்டர்னு ஒரு நெதர்லாந்துக்காரர் இருக்கார். பழைய பத்திரிகை, விளம்பரம், ப்ரூவிங் புத்தகம்னு தேடி அவர் வெக்கற வாதம் இது: 19-ஆம் நூற்றாண்டுல செஸோன்ங்கற பேர் பளிச்சுனு தெரியறது ஏனோவுலயே இல்லை, கிழக்கே லியேஜ் நகரத்துல. ஸ்பெல்ட்னு ஒரு பழைய கோதுமை ரகத்தைச் சேர்த்து, நகரத்து ப்ரூவரிகள் காய்ச்சி, வெச்சிருந்து வித்த பீர். ஏனோ பக்கம் அந்தப் பேர் ஊன்றினது பின்னாடிதான். அறுவடைக் கூலியாட்கள் கதைக்கு அந்தக் காலத்துச் சாட்சி அகப்படலை; அது பரவினது 20-ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. அந்தக் கடைசிப் பகுதியிலதான் இந்த பீர் சாகக் கிடந்தது. 1900 வாக்குல பெல்ஜியத்துல 3000-க்கு மேல ப்ரூவரிகள். முதல் உலகப்போர்ல ஜெர்மன் ராணுவம் ப்ரூவரிகளோட தாமிர அண்டாக்களைக்கூட பிடுங்கிக்கிட்டுப் போச்சு. போர் முடிஞ்சப்போ சுமார் 2000 மிச்சம். அப்புறம் பில்ஸ்னர் வந்தது. தெளிவா, தங்க நிறமா, எல்லா ஊர்லயும் ஒரே ருசியா. இன்னொரு போர். கிராமத்து ப்ரூவரிகள் ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே வந்தது. 1977-ல மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லைங்க, 2007-ல காலமான இங்கிலாந்து பீர் எழுத்தாளர்) உலக பீர்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். பெல்ஜியத்து பீர்களை வெளியுலகம் திரும்பிப் பார்த்ததுல அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு. 1980-கள்ல அமெரிக்காவுக்குப் புட்டிகள் போக ஆரம்பிச்சது. அங்கே இருக்கறவனுக்கு இது என்னன்னே தெரியாது. அப்போ ஒரு கதை தேவைப்பட்டுது. பொய் சொல்லணும்னு யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டாங்க. கொஞ்சம் உண்மை, கொஞ்சம் ஊகம், கேக்கறவனுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு வயல்காட்டுப் படம். 2023-ல நான் செஞ்சதும் அதேதானே?

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, ஜோடனைக் கதைக்குக் கீழே நிஜக் கதைகள் அமுங்கிப் போச்சு. டூபோனையே எடுத்துக்கங்க. தூர்ப்ங்கற சின்ன ஊர். 1844-லிருந்து அந்தப் பண்ணையில பீர் காய்ச்சறாங்க. 1920-ல அல்ஃப்ரெட் டூபோன் அதை விலைக்கு வாங்கினார். எதுக்குத் தெரியுமா? அவர் பையன் லூயி, கனடாவுக்குப் போய் விவசாயம் பண்ணப் போறேன்னு கிளம்பிட்டான். அவனை ஊர்லயே பிடிச்சு நிறுத்த அப்பா போட்ட தூண்டில் அந்தப் பண்ணையும் ப்ரூவரியும். பையன் தங்கிட்டான். (பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு இதைப் படிச்சப்போ எங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுல ப்ரூவரி வாங்கற அளவுக்கு வசதி இல்லை.) குடும்பக் கிளைகள்ல கைமாறி இன்னிக்கும் அதே இடத்துல நடக்குது, அண்டாவுக்கு அடியில நேரடியா நெருப்பு வெச்சுக் காய்ச்சறாங்க. முகமில்லாத கூலியாட்கள் கதையைவிட எனக்கு இந்த அப்பன்-மகன் கதை பிடிச்சிருக்கு.

சரி, குடிச்சுப் பார்த்ததைச் சொல்லாம விட்டா விடமாட்டீங்க. அந்தக் கணக்குப் போட்ட ராத்திரிக்கு அப்புறம் வந்த சனிக்கிழமை நாலு புட்டி வாங்கி, ஆளுக்குக் கால் டம்ளர் வீதம் மூணு பேர் உட்கார்ந்தோம்.

டூபோன்: கார்க்கைத் திருகினதும் டப்புனு ஒரு சத்தம், நுரை டம்ளரை விட்டு வெளியே வருது. லேசா கலங்கின தங்க நிறம். மோந்தா ஆரஞ்சுத் தோலும் மிளகும். மிளகு எதுவும் போடலை, ஈஸ்ட் தர்ற வாசனை அது. நாக்குல இனிப்பே நிக்கலை, கடைசியில பட்டுனு கசப்பா முடியுது. இன்னும் ஒரு வாய் கேக்குது.

சில்லி: ஊர் பேரே சில்லிதான், சிரிக்காதீங்க. 1850-லிருந்து இருக்கற ப்ரூவரி. இதுவும் ஏனோ, இதுவும் செஸோன், ஆனா பழுப்பு நிறம், 5 சதம், கருப்பட்டி ஞாபகம் வர்ற மாதிரி லேசான இனிப்பு. டூபோனுக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

ப்ளோஜீஸ்: 1988-ல ரெண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஆரம்பிச்ச ப்ரூவரி. அவங்க செஸோன்ல ஸ்பெல்ட் உண்டு. வறண்ட, எலுமிச்சை சாயல். எனக்கு நாலுல இதுதான் முதல் இடம். நண்பர்கள் ரெண்டு பேரும் டூபோன் கட்சி.

நாலாவது ஜான்லேன், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ்ல இருந்து. அவங்க பாஷையில 'பியேர் தெ கார்த்', வெச்சிருந்து குடிக்கற பீர்னு அர்த்தம். 1922-ல ஆரம்பிச்ச ட்யூக் குடும்பத்து ப்ரூவரி. ஆம்பர் நிறம், 7.5 சதம், மால்ட்தான் தூக்கல், மிளகும் இல்லை ஆரஞ்சும் இல்லை. பேரைப் பாருங்க: அங்கே 'பருவம்', இங்கே 'வெச்சிருந்தது'. ஒரே வேலையோட ரெண்டு முனைக்கு ரெண்டு பேர். முல்டர் சொல்றது இந்த மேஜை மேலேயே உட்கார்ந்திருந்தது.

மூணு செஸோனுக்கும் பொதுவா ஒரே ஒரு ருசிகூட இல்லை. 'செஸோன் ருசி'ன்னு உலகம் பூரா இன்னிக்குக் காப்பியடிக்கறது பெரும்பாலும் டூபோன் ஒருத்தரோட ஈஸ்ட்டைத்தான். அந்த ஈஸ்ட் ஒரு விசித்திரப் பிறவி. சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம்தான் சுகம். இது 30-க்கு மேல போனாதான் ஒழுங்கா வேலை பார்க்கும். வீட்டுல காய்ச்சறவங்க 22-ல வெச்சா பாதி வழியில படுத்துக்கும். மே மாசத்து சென்னை மொட்டை மாடி ரூம்தான் அதுக்கு ஏசி :-) மத்த ஈஸ்ட்கள் தொடாம விட்டுடற பெரிய சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கற நொதியும் இதுகிட்ட உண்டு. இனிப்பு மிச்சமில்லாம வறண்டு முடியறது அதனாலதான்.

கதையில பாதி போச்சு, நிஜமான பண்ணை வீட்டு பீர்னு ஒண்ணு இருந்ததா இல்லையா? இதுக்கு விடை கிடைச்சது நம்ம ஜாதிக்காரர் ஒருத்தர்கிட்ட. பொட்டி தட்டற ஜாதியைச் சொன்னேன். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல், நார்வேக்காரர், தொழில் சாஃப்ட்வேர், பொழுதுபோக்கு வலைப்பதிவு. லிதுவேனியா, நார்வேன்னு கிராமம் கிராமமா போய், காய்ச்சற இடத்துல நின்னு, வெப்பமானியைப் போட்டு அளந்து, எழுதி வெச்சார். 2020-ல அதெல்லாம் தடிமனான புத்தகமாச்சு. அவர் சொல்ற பண்ணை பீருக்கு இலக்கணம் ரொம்ப எளிசு: தன் வயல்ல விளைஞ்ச தானியத்துல, தன் ஊர் முறைப்படி, தன் வீட்டுக்காகக் காய்ச்சினது. விக்கறதுக்கு இல்லை. இந்த அளவுகோலை வெச்சா டூபோன், சில்லி எல்லாம் பண்ணைக்குள்ள இருந்த வியாபார ப்ரூவரிகள். கௌரவமான தொழில்தான், ஆனா வேற தொழில்.

மேற்கு நார்வேயில வோஸ்னு ஒரு ஊர். அந்த வட்டாரத்துல ஈஸ்டுக்கே 'க்வைக்'னு பேர். கடையில வாங்கறது இல்லை. போன தடவை காய்ச்சினப்போ எடுத்த ஈஸ்டை மரக்கட்டையிலயோ, மரத்துண்டுகளைக் கோத்த வளையத்துலயோ காய வெச்சு அடுத்த தடவைக்கு எடுத்துக்குவாங்க. கெட்டுப்போச்சுன்னா பக்கத்து வீடு. உறைக்கு மோர் வாங்கற கதையேதான்! தண்ணிக்குப் பதிலா ஜூனிப்பர் கிளைகளைக் கொதிக்க வெச்ச வடிநீர். சாறை மணிக்கணக்கா சுண்டவிட்டு, கிட்டத்தட்ட 40 டிகிரியில ஈஸ்டைப் போடுவாங்க, போடும்போது ஓன்னு கத்தணும்னு ஒரு சம்பிரதாயம். நுரைச்சு முடிஞ்சு பீப்பாய்க்கு மாத்தற அன்னிக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் ருசி பார்க்கக் கூடிடுவாங்க. பீர் காய்ச்சறது அங்கே கேளிக்கை மட்டும் இல்லை, கடமை. மத்தியகால குலாதிங் சட்டத்துல கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சாத விவசாயிக்கு அபராதம். மூணு வருஷம் தொடர்ந்து காய்ச்சலைன்னா சொத்தே போயிடும்.

40 டிகிரின்னு கார்ஷோல் எழுதினப்போ பீர் தெரிஞ்சவங்களுக்கு நம்பறது கஷ்டமாத்தான் இருந்தது. சாதாரண பீர் ஈஸ்ட் அந்தச் சூட்டுல கண்டபடி நாறும். 2018-ல ஒரு ஆய்வுக்குழு க்வைக் ரகங்களோட மரபணுவைப் பிரிச்சுப் பார்த்து, இது மத்த பீர் ஈஸ்ட்கள்லேர்ந்து தனியா நிக்கற, மனுஷன் பழக்கியெடுத்த ஒரு கூட்டம்னு கட்டுரை போட்டாங்க. விவசாயிகள் கண்ணால பார்த்துப் பார்த்துப் பல தலைமுறையா தேர்ந்தெடுத்தது. இந்த வீட்டுக் காய்ச்சல் நார்வேயில மட்டும் இல்லை, பின்லாந்துல சாஹ்தி, ஸ்வீடனோட கோட்லாந்து தீவு, எஸ்தோனியாவோட சாரெமா தீவு, லிதுவேனியான்னு அங்கங்கே ஓரம் சாரமா பிழைச்சிருக்கு. அதைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னொரு பதிவாயிடும்.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, எங்க ப்ராஜெக்ட்ல இருந்த ஒரு நார்வேக்காரர் ஒரு சோடா பாட்டில்ல கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார், வோஸ் பக்கம் அவர் மாமா வீட்டுல காய்ச்சினது. லேபிள் கிடையாது, புட்டி முதுகுல கதை கிடையாது. திறந்தா டப்புனு சத்தம் வரலை, நுரையும் பேருக்குத்தான். சிவந்த பழுப்பு. ஜூனிப்பர் வாசனை முதல்ல, பின்னாடி ஆரஞ்சுத் தோல், உலர்ந்த திராட்சை, தொண்டையில கனமா இறங்கற இனிப்பு. நல்லா இருந்துச்சான்னா, டூபோன்தான் நல்லா இருந்துச்சு. மாமா இதை எத்தனை சதம்னு வெச்சிருக்கார்னு கேட்டேன். "அளந்ததே இல்லை"ன்னார்.

பழைய 'அறுவடை பீர்' பதிவை அழிக்கலை. அதுக்கு மேலேயே "இதுல இருக்கற கதைக்கு ஆதாரம் இல்லை"ன்னு ஒரு வரி போட்டு, இந்தப் பதிவோட சுட்டியைக் கொடுத்திருக்கேன். வீட்டு ஓனருக்கும் மெயில் போட்டேன். தாத்தாவோட காபித் தூக்கு இன்னும் பரண்ல இருக்காம், படம் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.